எச்சரிக்கைச் சீட்டு மட்டும் போதுமா?

நித்திய கல்யாணிச் செடியை அறியாதவர் நம்மிடையே இலர். வீட்டு முற்றத்திலும் கோயில் நந்தவனத்திலும் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் ஆண்டு முழுவதும் பூத்துக் கிடக்கும் இச்செடியைச் சுடுகாட்டு மல்லி என்றும் மக்கள் அழைப்பர். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இது நம் தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் மருந்துக்காகவே பயிரிடப்படுகிறது. இதன் இலையிலிருந்து கிடைக்கும் காரப்பொருள்களுள் ஒன்றே வின்கிரிஸ்டின். பல நூறு கிலோகிராம் காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் அளவே கிடைக்கக்கூடிய இம்மருந்து, 1963ஆம் ஆண்டு முதல் இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தில் பயன்பட்டு வருகிறது. குழந்தைகளுக்கு வரும் நிணநீர்வகைக் கடும் இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் சில மாதங்களில் உயிரைக் குடிக்கும் நோயாக இருந்தது. இன்று வசதி மிக்க நாடுகளில் அந்நோய் கண்ட குழந்தைகளுள் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். இந்த வெற்றியில் வின்கிரிஸ்டினுக்குக் கணிசமான பங்கு உண்டு.

இக்கட்டுரை அம்மருந்தைப் புகழ எழுந்ததன்று. அதைக் கையாளும் முறையில் மருத்துவ உலகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடிவாதமாக நம்பியிருந்த ஒரு கொள்கையை விமரிசிக்க எழுந்தது. இயற்பியல் கற்பிப்பவனுக்கு மருந்து ஊசியில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். இந்தச் சிக்கலின் மையத்தில் இருப்பது மருந்து அன்று. ஒரு சிறிய கூம்பு. கூம்பும் உராய்வும் நிகழ்தகவும் எங்கள் துறைக்கு அயலானவை அல்லவே!

இரண்டு வழிகள்

முதலில் மருந்தின் வேலையைப் பார்ப்போம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, நிறப்புரிகளை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் என்னும் இழைகள் உருவாகின்றன. டியூபுலின் என்ற புரதமே அவற்றின் செங்கல். வின்கிரிஸ்டின் இப்புரதத்தைப் பற்றிக்கொண்டு இழை உருவாகாமல் தடுக்கிறது. பிரியத் தொடங்கிய அணு பாதியில் நின்று மடிகிறது. ஓயாமல் பிரியும் புற்றணுக்கள் மிகுதியாக அழிவது இதனால்தான்.

ஆனால் நுண்குழல்கள் பிரியும் அணுக்களில் மட்டும் இல்லை. நரம்பணுக்கள் பிரிவதில்லை, ஆயினும் அவற்றின் நீண்ட இழைகளுக்குள் உணவும் புரதமும் செல்வதற்கு நுண்குழல்களே தண்டவாளங்களாக இருக்கின்றன. சிரை வழியாக வின்கிரிஸ்டின் பெறும் நோயாளிக்கே விரல் நுனிகள் மரத்துப் போவதும் மலச்சிக்கல் ஏற்படுவதும் இத்தண்டவாளங்கள் சற்றே சிதைவதன் விளைவுகள்தாம். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இம்மருந்து போய்ச் சேராமல், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு காக்கிறது.

அதே தடுப்பு இன்னொரு தொல்லையையும் தருகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரில் புற்றணுக்கள் ஒளிந்து கொண்டால், சிரை வழியாகச் செல்லும் பல மருந்துகள் அவற்றை எட்டுவதில்லை. எனவே மெத்தோட்ரெக்ஸேட், சைட்டரபைன் போன்ற சில மருந்துகளை, முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி நுழைத்து, நேராக அந்நீரில் செலுத்துகின்றனர். ஆக, ஒரே நோயாளிக்கு ஒரே மருத்துவக் காலத்தில் ஒரு மருந்து சிரையிலும் மற்றொரு மருந்து முதுகிலும் செல்ல வேண்டியிருக்கிறது.

இவை இடம் மாறினால் என்ன ஆகும்? வயது வந்தவருக்கு வின்கிரிஸ்டின் அளவு, உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம், பல மருத்துவ முறைகளில் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமே உச்சவரம்பு. 60 கிலோகிராம் எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் உண்டு. தண்டுவட நீரோ ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். மருந்து வெறுமனே கரைந்து பரவுகிறது என்று மட்டும் கொண்டாலும், அதே 2 மில்லிகிராம் தண்டுவட நீரில் 240 மடங்கு செறிவு பெறுகிறது. அதுவும் காவல் இல்லாத நரம்புத் திசுவின் மேலேயே. கால்களில் தொடங்கும் செயலிழப்பு படிப்படியாக மேலேறி, நாள்களிலோ வாரங்களிலோ மூச்சை நிறுத்துகிறது. இதற்கு முறிமருந்து இல்லை. உடனே அந்நீரை வெளியேற்றிக் கழுவியும் பிழைத்தவர் மிகச் சிலரே. அவர்களும் பெரும் ஊனத்தோடு பிழைத்தவர்கள்.

நாட்டிங்காம் கற்பித்த பாடம்

தண்டுவட நீரில் வின்கிரிஸ்டின் தவறிச் சென்றதன் விளைவு 1968ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் வெளியாகிவிட்டது. 2007 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தபோது, பல நாடுகளிலிருந்து பதிவான இத்தகைய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை 55 எனக் குறிப்பிட்டது. பதிவாகாதவை இக்கணக்கில் சேரா.

இவற்றுள் மிக விரிவாக ஆராயப்பட்டது இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் உள்ள குவீன்ஸ் மெடிக்கல் சென்டரில் 2001 ஜனவரி 4 அன்று நடந்தது. நோயாளி 18 வயது இளைஞர். நோய் தணிந்து, தொடர் மருத்துவம் பெற்று வந்தவர். அவருக்கு முதுகில் செலுத்த வேண்டிய சைட்டரபைனும், சிரையில் செலுத்த வேண்டிய வின்கிரிஸ்டினும் தனித்தனி சிரிஞ்சுகளில் வார்டுக்கு வந்திருந்தன. முதல் மருந்து முறையாக முதுகில் சென்றது. பின்னர் இரண்டாம் சிரிஞ்சும் நீட்டப்பட்டது. மேற்பார்வை செய்த மருத்துவர் அந்த வேலைக்கு வந்து சில நாள்களே ஆனவர். அவர் மருந்தின் பெயரையும் அளவையும் உரக்கப் படித்தார். செலுத்தும் வழியைப் படிக்கவில்லை. ஊசி போட்ட இளைய மருத்துவர், இதையும் முதுகில்தான் செலுத்த வேண்டுமா என்று கேட்டார். ஆம் என்று விடை வந்தது. செலுத்தப்பட்டது. சில நிமிடங்களில் தவறு தெரிந்து, அவசர மருத்துவம் செய்தும் பயனில்லை. பிப்ரவரி 2 அன்று அந்த இளைஞர் இறந்தார். மேற்பார்வை செய்த மருத்துவர் 2003இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

இந்நிகழ்ச்சியை விசாரித்த பேராசிரியர் பிரையன் டாஃப்ட் அளித்த அறிக்கை, விபத்து ஆய்வுக்கே ஓர் இலக்கணம் எனத் தகும். ஒரு மனிதரின் கவனக்குறைவு என்று கதையை முடித்துக்கொள்ளாமல், மனிதர், நிருவாகம், கருவி, பழக்கவழக்கம் ஆகிய எல்லாவற்றின் குறைகளும் பின்னிப் பிணைந்தே இச்சாவை விளைவித்தன என்று அது காட்டியது. இதில் வாசகர் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. தவறான முதுகு ஊசியால் 1985 முதல் பிரிட்டனில் குறைந்தது 13 பேர் இறந்தோ செயலிழந்தோ போயினர் என்றும், 2001 இறுதிக்குள் இவ்விபத்தை அறவே ஒழிக்க வேண்டும் என்றும் அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2000ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கூறியிருந்தது. குறிக்கோள் அச்சேறி, கெடு முடிவதற்குள்ளேயே நாட்டிங்காம் நிகழ்ந்தது.

அறியாமையால் நிகழ்ந்த விபத்து இது என்று எப்படிக் கூறுவது? ஆபத்து தெரியும், எழுதப்பட்டிருக்கிறது, எச்சரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எழுதி வைப்பதையே காவலாக நம்பியது சரிதானா?

சீட்டும் இரட்டைச் சரிபார்ப்பும்

நீண்ட காலமாக இவ்வாபத்துக்கு அளிக்கப்பட்ட விடைகள் இரண்டு. முதலாவது, சீட்டு. 'சிரை வழியாக மட்டுமே. வேறு வழியில் செலுத்தினால் மரணம்' என்ற பொருளுடைய வாசகம் மருந்தின் மேல் ஒட்டப்படுகிறது. சீட்டு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சீட்டு தானாக எதையும் தடுப்பதில்லை. அதைப் படிக்க வேண்டும்; படித்ததை மனம் ஏற்க வேண்டும். நாட்டிங்காமில் மருந்தின் பெயர் வாய்விட்டே படிக்கப்பட்டது என்பதை மறவாதீர்கள். மனத்தில் வேறொரு மருந்து நிறைந்திருக்கும்போது, கண் எழுத்தைக் காண்கிறது. கருத்து வேறொன்றைக் காண்கிறது. தேர்வுத் தாளில் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தும் கேட்காத ஒன்றுக்கு விடை எழுதி வரும் நல்ல மாணவனை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிவர்.

இரண்டாவது விடை, இருவர் சரிபார்த்தல். இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் ஆயிரம் முறையில் ஒரு முறை தவறவிடுகிறார் என்று பேச்சுக்குக் கொள்வோம். மற்றவரும் அவ்வாறே. இருவரும் ஒருவரையொருவர் சாராதவர் எனில், இருவரும் ஒருங்கே தவறவிடும் வாய்ப்பு ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கப் பத்து லட்சத்தில் ஒன்று. கேட்க இனிமையான எண்! ஆனால் பெருக்கல் விதி சார்பற்ற நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். மருத்துவமனையில் இளையவர் மூத்தவரைச் சார்ந்திருக்கிறார். மூத்தவர் சரி என்றால் இளையவர் பாதி வேளைகளில் அதையே ஏற்றுக்கொள்கிறார் என்று கொண்டால், இருவரும் தவறவிடும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒன்றாகிவிடும். நாம் நம்பியிருந்த காவல் 500 மடங்கு நலிந்தது! நாட்டிங்காமில் இளையவருக்கு ஐயம் எழுந்தது, கேட்கவும் செய்தார், விடை கிடைத்ததும் அடங்கினார். இரண்டாம் காவலர் முதல் காவலரின் நிழலாகிவிட்டார்.

ஒரு கூம்பின் கதை

இனி அந்தச் சிறிய கூம்புக்கு வருவோம். சிரிஞ்சின் முனையையும் அதில் மாட்டும் ஊசியின் அடிப்பகுதியையும் உற்றுப் பாருங்கள். சிரிஞ்சின் முனை மெல்லச் சிறுத்துச் செல்லும் கூம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் மருத்துவக் கருவிகள் செய்த லூயர் என்பவரின் பெயரால் இது லூயர் முனை எனப்படுகிறது. இதன் சரிவு 6 விழுக்காடு. அதாவது 100 மில்லிமீட்டர் நீளம் சென்றால் விட்டம் 6 மில்லிமீட்டர் குறையும். நடு அச்சிலிருந்து பக்கம் சாயும் கோணத்தின் டேன்ஜென்ட் 0.03 மட்டுமே, கோணம் 2 பாகைக்கும் குறைவு. உராய்வுக் கெழு 0.03ஐவிட மிகுதியாக இருந்தால் அழுத்திச் செருகிய கூம்பு தானே கழன்று வராது. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் உராய்வுக் கெழு இதைவிடப் பல மடங்கு மிகுதி. எனவே திருகும் பூட்டும் இல்லாமலேயே முனை உறுதியாக நிற்கிறது, கசிவும் இல்லை. எளிமையும் அழகும் சேர்ந்த கண்டுபிடிப்பு!

இதன் வெற்றியே இதன் குற்றம் ஆயிற்று. எந்தச் சிரிஞ்சும் எந்த ஊசியோடும் பொருந்தும் என்பது பெரும் வசதி. சிரை ஊசிக்கும் முதுகு ஊசிக்கும் அதே கூம்பு என்பது பெரும் கேடு. மருந்துச் சீட்டு 'போகாதே' என்கிறது. கூம்போ 'வா' என்கிறது. களைத்த கைகளுக்கு எழுத்தைவிடப் பொருத்தம் உரக்கப் பேசும்.

வேறு துறைகள் இதற்கு வழி கண்டிருந்தன. நம் வீட்டுச் சுவரில் இரண்டு வகை மின்செருகு துளைகள் உள்ளன. தண்ணீர் சூடேற்றும் கருவியின் பெரிய செருகியை விளக்குக்கான சிறிய துளையில் நுழைக்க முடியாது. அங்கே 'நுழைக்காதே' என்று யாரும் சீட்டு ஒட்டவில்லை, வடிவமே தடுத்துவிடுகிறது. ஏன், மருத்துவத்துறையே இதை அறிந்திருந்தது! மயக்க மருந்துக் கருவியில் பிராணவாயு உருளை மாட்ட வேண்டிய இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு உருளை மாட்டிவிடக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வாயுவுக்கும் வெவ்வேறு இடத்தில் முளைகளும் துளைகளும் அமைக்கும் முறை 1950களிலேயே வந்துவிட்டது. வாயுவுக்குக் கிடைத்த இந்தக் காவல் தண்டுவடத்துக்குக் கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை, முதுகு ஊசிகளுக்குத் தனி முனை வேண்டும் என 2009இல் அறிவித்தது. உலகத் தர அமைப்பு, நரம்புமண்டலத்துக்கான தனி முனையின் அளவுகளை ஐ.எஸ்.ஓ. 80369-6 என்னும் தரமாக 2016இல் வெளியிட்டது. இம்முனை லூயர் முனையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு சிறியது. ஆகவே ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. நாட்டிங்காமுக்கும் இதற்கும் இடையே 15 ஆண்டுகள். 1968க்கும் இதற்கும் இடையே 48 ஆண்டுகள். இத்தாமதமே என் முதன்மைக் குற்றச்சாட்டு.

பையும் அதற்கு எதிரான வாதங்களும்

புதிய முனைக்காகக் காத்திராமலே செய்யக்கூடிய எளிய மாற்றம் ஒன்று இருந்தது. 2007 ஜூனில் ஹாங்காங்கில் 21 வயதுப் பெண் ஒருவருக்கு இதே விபத்து நேர்ந்து, ஜூலையில் அவர் இறந்தார். அதையடுத்து உலகச் சுகாதார நிறுவனம் விடுத்த எச்சரிக்கை, வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் அடைத்து அனுப்பாமல், சிறிய உப்புநீர்ப் பையில் கலந்து, சொட்டுக் குழாய் வழியாகச் சிரையில் செலுத்துமாறு கூறியது. 2 மில்லிலிட்டர் மருந்து 50 மில்லிலிட்டர் பையாக மாறுகிறது. முதுகில் போடும் மருந்துகளோ சில மில்லிலிட்டர் கொண்ட சிரிஞ்சில் வருபவை. தொங்கும் பையை முதுகு ஊசியில் மாட்ட யாருக்கும் கை வராது. அமெரிக்காவின் முன்னணிப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்று, 'பையிலேயே கொடு' என்னும் பொருள்பட 2016இல் ஓர் இயக்கமே தொடங்கியது. பையில் கொடுத்த மருந்து தண்டுவட நீருக்குத் தவறிச் சென்றதாக நிகழ்ச்சி எதுவும் பதிவாகவில்லை என்பது இம்முறையை ஆதரிப்போரின் வலிமையான வாதம்.

எதிர்வாதங்களையும் நடுநிலையோடு எடை போடுவோம். வின்கிரிஸ்டின் சிரைக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். சிரிஞ்சில் ஒரு நிமிடத்தில் செலுத்தும்போது செவிலியர் கண் எடுக்காமல் பார்ப்பார். பையில் ஐந்து, பத்து நிமிடம் செல்லும்போது கசிவு கவனிக்கப்படாமல் போகலாம் என்பர் சிலர். இவ்வச்சம் மதிக்கத்தக்கதே. பை ஓடும் நேரம் முழுவதும் ஒருவர் அருகிலிருந்து, இரத்தம் திரும்புவதைச் சோதித்துப் பார்ப்பதே இதற்கு விடை. இரு கேடுகளும் ஒரு தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்பதும் தெளிவு. கசிவுக்கு வெந்நீர் ஒத்தடமும் ஹயாலுரோனிடேஸ் ஊசியும் உண்டு. தண்டுவட விபத்துக்கு எதுவும் இல்லை.

செலவு மிகுதி என்பது மற்றொரு வாதம். பைக்கும் குழாய்க்கும் செலவு ஆகத்தான் செய்யும். ஏழை நாட்டு மருத்துவமனைக்கு அது பொருட்டே அன்று என நான் கூற மாட்டேன். ஆனால் உப்புநீர்ப் பையும் சொட்டுக் குழாயும் எந்த மருத்துவமனையிலும் ஏற்கெனவே புழங்கும் பொருள்கள். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாதமே மிகவும் பரவலானது. மிகவும் ஆபத்தானதும் கூட. 'கவனமுள்ள மருத்துவர் இத்தவற்றைச் செய்ய மாட்டார். பயிற்சியை மேம்படுத்தினால் போதும்' என்பது அது. பயிற்சி வேண்டாம் என்று யார் சொன்னார்? ஆனால் பயிற்சி பெற்றவர் மாறுதலாகிப் போவார், புதியவர் வருவார். நோயாளி காலையில் வராமல் மாலையில் வருவார். பொறுப்பாளர் விடுப்பில் இருப்பார். பொருந்தாத முனை மட்டும் விடுப்பு எடுப்பதில்லை, களைப்படைவதில்லை, மூத்தவருக்கு அஞ்சி அடங்குவதும் இல்லை.

புதிய முனையையும் நான் முழுமுதற் காப்பாகக் காட்டவில்லை. மருந்தகத்தில் ஒருவர் வின்கிரிஸ்டினையே புதிய முனைச் சிரிஞ்சில் நிரப்பிவிட்டால் அது முதுகு ஊசியில் தடையின்றிப் பொருந்தும். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாகக் காவல்கள் வேண்டும்: சிரைக்குப் பை, முதுகுக்குத் தனி முனை, இரண்டு மருந்துகளும் ஒரே நேரத்தில் ஒரே மேசைக்கு வாராத ஏற்பாடு, தகுதி பெற்றவர் மட்டுமே முதுகு ஊசி போடும் விதி. இவற்றோடு சேர்ந்தால் சீட்டும் தன் பங்கைச் செய்யும். தனியே நின்றால் அது காகிதம்.

வாசகருக்கு

உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம். மருந்தாளுநராகவோ செவிலியராகவோ ஆகலாம். கருவி வடிவமைக்கும் பொறியியலாளராகலாம். பலர் நோயாளியின் அருகில் உட்கார்ந்திருக்கும் உறவினராக இருக்க நேரலாம். உறவினர், 'இந்த மருந்து எந்த வழியாகச் செல்கிறது? பையில் கலந்து கொடுக்கிறீர்களா?' என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அக்கேள்வியால் சினம் கொள்ள மாட்டார்.

பொறியியலாளராகப் போகிறவருக்கு ஒரு சொல். ஒரு விபத்துச் செய்தியைப் படிக்கும்போது 'யார் தவறு செய்தார்?' என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். 'இத்தவறு செய்ய முடிந்தது எப்படி?' என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். முதல் கேள்வி ஒருவரைச் சிறைக்கு அனுப்பியதோடு முடிந்தது. இரண்டாம் கேள்விதான் கூம்பின் விட்டத்தை மாற்றியது.